ஏடாகூடமான அறையில் சாமான்களை எங்கே போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒடுங்கி நீண்ட கூடம், நட்டநடுவில் ஒரு தூண், மூன்று பக்கமும் கதவு, ஓரத்தில் சரிந்து இறங்கும் கூரை. இப்படிப்பட்ட அறைகளில் சோபாவையும் கட்டிலையும் பீரோவையும் எங்கே வைப்பது என்று திணறுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அளவுகளை அடியிலும், தேவைப்படும் இடத்தில் சென்டிமீட்டரிலும் தந்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? சோபாவிலிருந்தா, டி.வி.யிலிருந்தா?

இரண்டிலிருந்தும் வேண்டாம். நடக்கும் வழியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு, ஜன்னலுக்கு, சுவிட்ச் போர்டுக்கு, சுவர் அலமாரிக்கு ஆட்கள் எப்படிப் போய் வருவார்கள் என்பதைத் தாளில் கோடுகளாகப் போட்டுப் பாருங்கள். காலி அறையில் மனிதர்கள் குறுக்குவழியாகத்தான் நடப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் எதை வைத்தாலும் அது தினமும் காலில் இடறும், அல்லது உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு முன்னால் ஆள் போய்க்கொண்டே இருக்கும்.

அறை ஏடாகூடமாகத் தோன்றுவதற்கு முக்கால்வாசி நேரம் சுவர்கள் காரணமல்ல. வழியும் உட்காரும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதுதான் காரணம். வழியை முதலில் ஒதுக்கிவிட்டால், மிச்சமிருக்கும் தரைதான் சாமான்களுக்கு உரிய இடம். அது ஒரு செவ்வகமாக இருக்கலாம், சிறிய இரண்டு துண்டுகளாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும், முழு அறையைப் பார்த்து மலைப்பதை விட அந்தத் துண்டுகளைப் பார்த்து முடிவெடுப்பது எளிது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களும் இந்த ஒரு வரிசையைத்தான் நம்பியிருக்கின்றன: முதலில் வழி, அடுத்து உட்காரும் அல்லது படுக்கும் இடம், கடைசியில் பொருள் வைக்கும் இடம்.

என்னென்ன அளக்க வேண்டும்?

நீளம், அகலம் மட்டும் போதாது. அகலத்தை இரண்டு முனைகளிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். செவ்வக அறை என்றால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லாவிட்டால் சுவர் கோணலாக இருக்கிறது என்று பொருள், அங்கே சுவருக்குச் சுவர் பொருந்தும்படி அலமாரி செய்தால் ஒரு பக்கம் இடிக்கும். கதவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் திறக்கிறது, ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிளக் பாயின்ட்கள் எங்கே இருக்கின்றன, சுவரிலிருந்து தூண் எவ்வளவு வெளியே துருத்துகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஓர் அடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் என்ற கணக்கில் வரையுங்கள். 10 அடிக்கு 18 அடி அறை, 15 செ.மீ.க்கு 27 செ.மீ. ஆகச் சுருங்கி ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும். சோபா, கட்டில், மேசை ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். கைபேசிச் செயலிகளும் இதைச் செய்யும். ஆனால் அட்டைத் துண்டை விரலால் தள்ளும்போது வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சொல்ல முடியும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

நடக்க எவ்வளவு இடம் விட வேண்டும்?

அடிக்கடி புழங்கும் வழிக்கு 3 அடி, அதாவது 90 செ.மீ. எப்போதாவது போகும் வழிக்கு 75 செ.மீ. தாங்கும். கட்டிலின் பக்கவாட்டில் 2 அடி இருந்தால் போர்வையை விரித்து மடிக்கலாம், ஒருவர் இறங்கலாம். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் கோப்பையை வைக்க எழுந்திருக்க வேண்டிவரும்.

சாப்பாட்டு மேசைதான் ஆட்களை ஏமாற்றும். மேசையின் விளிம்பிலிருந்து சுவர் வரை குறைந்தது 75 செ.மீ. இருந்தால்தான் நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார முடியும். உட்கார்ந்திருப்பவரின் பின்னால் இன்னொருவர் நடக்க வேண்டுமானால் 3 அடிக்கும் மேல் வேண்டும். கடையில் மேசையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள், இழுத்த நாற்காலிகளோடு சேர்த்த அளவைக் கணக்கில் எடுப்பதில்லை. மேசை ஓரத்தில் ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் இருந்தால் வழி 3 அடிக்குக் குறையக் கூடாது. திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் ஓரிடத்திலாவது வேண்டும். இதில் சமரசம் செய்ய வேண்டாம், ஒரு நாற்காலியைக் குறைத்தாவது இந்த இடத்தை விடுங்கள்.

எங்கள் கூடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறது. ஒரு முனையில் வாசல், மறுமுனையில் ஜன்னலும் கதவும். என்ன செய்வது?

இது அதிகம் பேர் கேட்கும் கேள்வி என்பதால் ஓர் அறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்ப்போம். அகலம் 10 அடி, நீளம் 18 அடி. இரண்டு குட்டைச் சுவர்களிலும், ஒரே ஓரமாக, ஒவ்வொரு கதவு.

பழக்கத்தால் எல்லாரும் செய்வது, ஒரு நீளச் சுவரில் சோபா, எதிர்ச் சுவரில் டி.வி. அப்போது வழி சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் புகுந்துவிடுகிறது. யார் வந்தாலும் போனாலும் திரையை மறைப்பார்கள். அறை முழுக்கவே ஒரு தாழ்வாரமாகிவிடும்.

இதை மாற்ற, கதவுகள் இருக்கும் ஓரமாகச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு வழியை விடுங்கள். மிச்சம் 7 அடி. சோபாவைச் சுவரிலிருந்து விலக்கி, அதன் முதுகு இந்த வழியைப் பார்க்கும்படி போடுங்கள். சோபாவின் ஆழம் சுமார் 3 அடி, ஆக அதன் முன் விளிம்பு ஆறாவது அடியில் முடியும். எதிர்ச் சுவரில் டி.வி. உட்காருபவரின் கண் சோபா முதுகிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருக்கும் என்று கொண்டால், திரைக்கும் கண்ணுக்கும் இடையே ஐந்தரை அடி கிடைக்கும். 43 அங்குல டி.வி.க்கு இது பொருத்தமான தூரம். 55 அங்குலத்துக்கு நெருக்கம்தான், நல்ல தெளிவுள்ள 4கே திரை என்றால் ஒப்பேற்றலாம்.

சோபாவுக்கு முன் 4 அடிதான் இருக்கிறது. டீப்பாய் போட்டால் கால் நீட்ட முடியாது. சோபாவின் கைப்பிடி ஓரமாகச் சிறு முக்காலி ஒன்றைப் போடுங்கள், அதன் மேல் விளக்கும் வைக்கலாம். சோபாவின் முதுகுப்புறம் வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே ஒரு குறுகலான மேசையைச் செருகத் தோன்றும். வழி 3 அடியிலிருந்து 2 அடியாகிவிடும், வேண்டாம்.

சோபா நீளவாக்கில் 6 அடியை எடுத்துக்கொள்ளும். அதை ஜன்னல் பக்கத்துப் பாதியில் வைத்தால், வாசல் பக்கத்துப் பாதியில் ஏழெட்டு அடி மிஞ்சும். அங்கே படிப்பு மேசையோ, நால்வர் உட்காரும் சாப்பாட்டு மேசையோ, வழிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி அடங்கிவிடும். ஒரே அறை இரண்டு வேலைகளுக்குப் பிரிந்துவிட்டது, நடப்பவர் யாருக்கும் குறுக்கே வருவதில்லை.

கதவுகள் ஒரே ஓரமாக இல்லாமல் எதிரெதிர் மூலைகளில் இருந்தால் வழி குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது அது அறையின் நடுவில், இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் வெட்டட்டும். உட்காரும் வட்டத்துக்குள் மட்டும் நுழைய விடாதீர்கள்.

சோபாவைச் சுவரோடு ஒட்டித்தானே போட வேண்டும்? நடுவில் போட்டால் இடம் அடைக்காதா?

சிறிய அறையில் ஒட்டிப் போடுவது நியாயம். பெரிய அறையில் அதுவே கெடுதல். எல்லா நாற்காலிகளையும் சுவரோரம் வரிசையாகப் போட்டு நடுவைக் காலியாக விட்டால், எதிரெதிரே இருப்பவர்களுக்கு நடுவே 12, 14 அடி விழுந்துவிடும். குரலை உயர்த்தாமல் பேச முடியாது. பேச்சு பக்கத்தில் இருப்பவரோடு முடிந்துபோகும்.

1950களின் பிற்பகுதியில் கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில், ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் உளவியலாளர் ராபர்ட் சோமர் இதைக் கண்ணெதிரே பார்த்தார். சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் நோயாளிகள் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டதும் அவர்களுக்குள் பேச்சு கூடியது. அதே மனிதர்கள், அதே நாற்காலிகள். இடத்தை மாற்றியதுதான் வேறுபாடு. சாமான்களின் இடம் ஒரு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

எனவே பேசிக்கொள்பவர்களுக்கு இடையே 8 அடிக்கு மேல் போகாதபடி இருக்கைகளை உள்ளே இழுங்கள். சோபாவுக்குப் பின்னால் விழும் இடத்தை வழியாக்கிவிட்டால் எதுவும் வீணாகாது.

எல் வடிவ அறை?

அதை ஓர் அறையாக நினைப்பதை விட்டுவிடுங்கள். இரண்டு கைகளுக்கும் தனித்தனி வேலை கொடுங்கள்: ஒன்றில் உட்காருவது, மற்றொன்றில் சாப்பிடுவது அல்லது படிப்பது. இரண்டும் சேரும் முழங்கைப் பகுதி வழிக்கு உரியது. அங்கே கனமான பீரோவை வைத்தால் இரண்டு கைகளும் இருட்டிவிடும்.

நடுவில் தூண் இருக்கிறது. மறைக்க வழி உண்டா?

மறைக்க முயன்றால் அது இன்னும் பருத்துத் தெரியும். தூணை எதற்காவது எல்லையாக்குங்கள். திறந்த புத்தக அலமாரியின் ஒரு முனையைத் தூணோடு சேர்த்துவிட்டால் அது சுவரின் நீட்சி போல ஆகிவிடும். மேசையின் பக்கவாட்டைத் தூணில் முட்ட வைக்கலாம், சோபாவின் முதுகைத் தூணின் கோட்டோடு நிறுத்தலாம்.

தூண் விஷயத்தில் ஒரு விதி உதவும். தூணுக்கும் சாமானுக்கும் நடுவே ஒன்று இடைவெளியே இருக்கக் கூடாது, அல்லது ஆள் தாராளமாகப் போகும் அளவுக்கு 75 செ.மீ. இருக்க வேண்டும். ஓர் அடி, ஒன்றரை அடி என்று அரைகுறையாக விட்டால் அங்கே நடக்கவும் முடியாது, பெருக்கவும் முடியாது. துடைப்பக்கட்டையும் பழைய அட்டைப்பெட்டியும் தாமாகவே அங்கே குடியேறிவிடும். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் விழும் சந்துக்கும் இதே விதிதான்.

எந்தச் சுவரைப் பார்த்தாலும் கதவு. சாய்த்து வைக்கச் சுவரே இல்லையே?

முதலில் எந்தக் கதவை உண்மையில் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இரண்டு கதவுகள் இருந்தால் ஒன்றை நிரந்தரமாகச் சாத்திவிட்டு அதன் முன் தாழ்வான மேசையைப் போடலாம். ஆபத்துக் காலத்தில் வெளியேற உதவும் கதவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடைக்க வேண்டாம்.

அடுத்து, கதவு திறக்கும் திசை. உள்ளே திறக்கும் கதவு தன் அகலத்துக்கு ஒரு கால் வட்டத்தைத் தின்றுவிடுகிறது. கீலை மறுபக்கம் மாற்றினால் கதவு சுவரோடு சாய்ந்து நிற்கும், அல்லது நகர்த்தும் கதவாக்கினால் அந்த இடம் முழுதும் திரும்பிவிடும். ஒரு தச்சருக்கு இது பெரிய வேலை அல்ல. புதிதாகச் சாமான் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பிறகும் சுவர் கிடைக்காவிட்டால் சாமான்களை நடுவே தீவாகச் சேர்த்து, சுற்றிலும் வழியை விடுங்கள். தரைவிரிப்பு ஒன்றை விரித்து எல்லா இருக்கைகளின் முன்கால்களும் அதன் மேல் நிற்கும்படி வைத்தால், அவை அந்தரத்தில் மிதப்பது போலத் தோன்றாது.

கூரை ஒரு பக்கம் சரிகிறது. கட்டிலை எங்கே போடுவது?

உயரமான பக்கம் நிற்பதற்கும் நடப்பதற்கும். தாழ்ந்த பக்கம் உட்காருவதற்கும் படுப்பதற்கும், தாழ்வான இழுப்பறைகளுக்கும். கட்டிலைச் சரிவின் கீழ் போடலாம், ஆனால் படுத்திருப்பவர் எழுந்து உட்காரும் இடத்தில் தலை இடிக்கக் கூடாது. மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து 50 செ.மீ. என்றால், உட்கார்ந்த ஆளுக்கு அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். ஆகக் கூரை அந்த இடத்தில் 150 செ.மீ. இருக்கட்டும். தலைமாடு குட்டையான சுவரில் வரும்படி போட்டால் இந்த அளவு பல வீடுகளில் கிடைக்காது. அப்போது கட்டிலைச் சரிவுக்கு இணையாகத் திருப்பி, இறங்கும் பக்கம் உயரமான கூரையின் கீழ் வரும்படி வையுங்கள்.

டி.வி.யில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது.

திரை ஜன்னலுக்கு எதிரேயும் வேண்டாம், ஜன்னலுக்கு முன்னாலும் வேண்டாம். எதிரே இருந்தால் வெளிச்சம் பிரதிபலிக்கும், முன்னால் இருந்தால் கண் கூசும். ஜன்னல் உள்ள சுவருக்குச் செங்குத்தான சுவரே சிறந்தது. படிப்பு மேசைக்கும் இதையே சொல்வேன்: வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கத்திலிருந்து. திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது.

மூலையில் குறுக்காகப் போட்டால் அழகாக இருக்குமா?

அரிதாக. பின்னால் ஒரு முக்கோணம் வீணாகும், சிறிய அறையில் அந்த இழப்பு அதிகம். மூலையே சரிவாக வெட்டிக் கட்டப்பட்ட அறையிலும், கதவு மூலையில் இருக்கும் அறையிலும் மட்டும் முயன்று பாருங்கள்.

பிடித்த சோபா வாசலில் நுழையுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோபாவின் நீளத்தை விட அதன் ஆழமும் உயரமும்தான் முக்கியம், ஏனென்றால் நீளவாக்கில்தான் உள்ளே கொண்டுவருவார்கள். அவ்விரண்டில் சிறியது, கதவு திறந்திருக்கும்போது கிடைக்கும் உண்மையான அகலத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். கதவுப் பலகையின் தடிமனையும் கைப்பிடியையும் கழித்து அளக்கவும். வாசலைத் தாண்டியதும் திருப்பம் இருந்தால் அங்கேதான் மாட்டும். மாடிப்படி, லிப்ட், நடைக்கூடத்தின் மூலை எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பத்தில் சோபாவைத் திருப்புவது கணிதவியலாளர்களையே அலைக்கழித்த கேள்வி. ஓர் அலகு அகலமுள்ள நடைக்கூடத்தின் செங்கோணத் திருப்பத்தில் நுழையக்கூடிய மிகப் பெரிய பரப்பு எது என்று 1966இல் லியோ மோசர் கேட்டார். 1992இல் ஜோசப் கெர்வர் 2.2195 சதுர அலகு பரப்புள்ள ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார். அதுவே மிகப் பெரியது என்பதற்கான நிரூபணத்தை 2024இல் ஜினியோன் பேக் வெளியிட்டார். அந்தக் கணக்கில் சோபாவைத் தரையில் தள்ள மட்டுமே முடியும். நமக்குத் தூக்கி நிமிர்த்தவும் சாய்க்கவும் முடியும். அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டியது: கால்கள் கழலுமா, கைப்பிடி கழலுமா, இரண்டு துண்டாகப் பிரியுமா?

உயரமான பீரோவை எங்கே வைப்பது?

நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் வேண்டாம், கதவு இருக்கும் சுவரிலேயே வைத்தால் அறை பெரிதாகத் தெரியும். பீரோவின் முன்னால் கதவைத் திறந்து நிற்க 3 அடி விடுங்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் வெளிச்சத்தின் பாதியை அது விழுங்கிவிடும்.

இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: உயரமான அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு எல்-வடிவ இரும்புப் பட்டையால் திருகிவிடுங்கள். குழந்தைகள் இழுப்பறைகளைப் படியாக நினைத்து ஏறுவார்கள். இரண்டு மூன்று இழுப்பறைகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் பெட்டி முன்னால் கவிழும். கனமான பொருட்கள் அடித்தட்டில் இருக்கட்டும். அதேபோல் வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் வழியின் குறுக்கே ஓட்ட வேண்டாம். மிதிபட்டு நைந்து சூடேறும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

எல்லாம் செய்தும் நெருக்கமாகவே தெரிகிறது.

எதையாவது ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் அது யாரும் உட்காராத நாற்காலியாக இருக்கும். கால் வைத்த சோபாவும் கட்டிலும் அடியில் தரையைக் காட்டுவதால் இலேசாகத் தெரியும். சின்னஞ்சிறு சாமான்கள் பலவற்றை விட, சரியான அளவில் பெரியது ஒன்று நல்லது.

எவ்வளவு நாள் பார்த்து முடிவு செய்வது?

சாமான்களை நகர்த்துவதற்கு முன், அவற்றின் அளவுக்குத் தரையில் காகித ஒட்டுநாடாவை ஒட்டி ஒரு வாரம் புழங்குங்கள். ஒட்டுநாடாவை யாராவது அடிக்கடி மிதித்துக்கொண்டு போனால் அந்தச் சாமான் வழியில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் எங்கே விழுகிறது, இரவில் விளக்கைப் போடக் கை எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இடமாற்றம் செய்யும் நாளில் லேசானவற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, பீரோவைக் காலி செய்து, அடியில் பழைய போர்வையைச் செருகி இழுங்கள். கால்களுக்குத் தடித்த கம்பளித் துண்டை ஒட்டிவிட்டால் மறுமுறை மாற்றத் தோன்றும்போது தரை கீறாது.